பட்டாளத்து அரை மணி நேரம்

ஆலைச் சங்கு: வரலாற்றுத் தொடர் - 7

காலை ஆறு மணிக்குத் தறி முன்னால் போய் நின்றவருக்கு, நண்பகலில் சோறு தின்ன ஆலை கொடுத்த நேரம் அரை மணி. சங்கு ஊதியதும் அந்த அரை மணி கரையத் தொடங்கிவிடும். எந்திரத்தை விட்டு வெளியே வர வேண்டும். கையிலும் முகத்திலும் அப்பிய பஞ்சுத் தூசியைக் கழுவ வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் முன்னால் நிற்பவர்கள் கழுவி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தூக்குச் சட்டியைத் தேடி எடுத்து, உட்கார ஓர் இடம் பிடிக்க வேண்டும். இவ்வளவும் போக மிஞ்சியதுதான் சோற்றுக்கு. நாலு வாய் அள்ளிப் போட்டு, விக்கினால் தண்ணீர் குடித்து, மறு சங்கு ஊதுவதற்குள் தறிக்குத் திரும்பியாக வேண்டும். பிந்தினால் கூலியில் பிடித்தம்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் முதன்முதலில் கேட்டுப் பெற்றது இந்தச் சோற்று நேரத்தில் பத்து நிமிடம். முப்பது நிமிடம் நாற்பது ஆயிற்று. இன்று கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். பன்னிரண்டு மணி நேர வேலையின் நடுவில், அவசரமில்லாமல் மென்று விழுங்கக் கிடைத்த பத்து நிமிடத்தின் அருமை அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சென்ற வாரம் தூத்துக்குடியில் இருந்தோம். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று, கூலி உயர்வு வாங்கிய கதையைப் பார்த்தோம். வெற்றி கைக்கு வந்த சில நாளிலேயே, மார்ச் 12-ஆம் தேதி, தலைவர்கள் இருவரும் கைதானார்கள். அதன் பிறகு தொழிலாளருக்கென்று நின்று பேச அங்கே ஓர் அமைப்பு இல்லை. உறுப்பினர் பட்டியல் இல்லை, சந்தா இல்லை, கூடிப் பேச ஒரு கூடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது வடசென்னை. சரியாகப் பத்து ஆண்டு கழித்து.

பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு, சூளை, பெரம்பூர், வியாசர்பாடி. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இந்தப் பேட்டைகளின் நடுவில் பின்னி கம்பெனியின் இரண்டு ஆலைகள் நின்றன. பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் எழுந்தவை. முதல் உலகப் போர் நடந்தபோது பின்னியின் காக்கித் துணிக்கு ஏகப்பட்ட கிராக்கி. இரண்டு ஆலையிலும் சேர்த்துச் சுமார் 10,000 பேர் வேலை செய்தார்கள். ஒருவர் கூலியை நம்பி ஒரு வீடு என்று வைத்தாலே, அந்த வட்டாரத்தில் ஆலைச் சங்கைக் கேட்டு எழாத தெரு இருந்திருக்க முடியாது. பலசரக்குக் கடைக்காரர், துணிக்கடைக்காரர், வட்டிக்குக் கொடுப்பவர், கூழ் விற்கும் ஆயா, எல்லோருடைய கணக்கும் ஆலைச் சம்பள நாளில்தான் தீர்ந்தது. ஆலைக்குள் கூலி வெட்டினால் தெருவில் கடன் ஏறும்.

சங்கத்தின் விதை விழுந்ததும் ஒரு கடையில்தான். ஆலையின் உள்ளே அது முளைக்கவில்லை.

ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. ராமானுஜலு நாயுடுவும் பெரம்பூர் வட்டாரத்துச் சிறு வணிகர்கள். ஆலைத் தொழிலாளி இல்லை, வக்கீல் இல்லை, பத்திரிகைக்காரரும் இல்லை. துணி வாங்க வந்த தொழிலாளிகள் செட்டியார் கடையில் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். மேஸ்திரி கை நீட்டியதைச் சொல்வார்கள், கூலி பிடித்ததைச் சொல்வார்கள். கேட்கக் காது ஒன்று கிடைத்தால் மனிதர் சொல்லாமல் இருப்பாரா? அந்த இருவரும் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்றொரு பக்தி சபையையும் நடத்திவந்தார்கள். அங்கே பஜனையும் சமயச் சொற்பொழிவும் நடக்கும், தொழிலாளிகள் வந்து உட்காருவார்கள். பக்திக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்த அவ்விரு வணிகருக்கும் தோன்றியது இதுதான்: இவ்வளவு பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால், அவர்கள் குறையைப் பற்றியும் இங்கேயே பேசலாமே.

1918 மார்ச் 2-ஆம் தேதி பெரம்பூர் ஜங்காராமாயம்மாள் தோட்டத்தில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். பேச அழைக்கப்பட்டவர் திரு.வி. கலியாணசுந்தரனார். வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்து, அந்த வேலையை விட்டு, 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியராக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தேவாரமும் திருவாசகமும் பேசத் தெரிந்த நாக்கு. மேல்நாட்டுத் தொழிலாளர் நிலையைப் படித்திருந்த தலை. அன்று அவர் தொழிலாளரிடம் தொழிற்சங்கம் என்ற ஒன்றைப் பற்றித் தமிழில் பேசினார். இந்தத் தொடரை எழுதப் புகுந்த நாளிலிருந்து நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த மாலையைத்தான். பக்தி கேட்டுப் பழகிய காதுகள் அதே நல்ல தமிழில், அதே கனிவில், தங்கள் கூலியைப் பற்றிய பேச்சைக் கேட்டன.

இனி ஊர் அறிந்த தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். இரு வணிகரும் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' நாளிதழ் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களிடம் காது கொடுத்துப் பேசியவர் பி.பி. வாடியா. பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர், ஹோம் ரூல் இயக்கத்தவர். முந்தைய ஆண்டுதான் அம்மையாரோடும் அருண்டேலோடும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டு வெளியே வந்திருந்தார். தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒருவர் தமிழாக்க, கூட்டம் கேட்டது. ஏப்ரல் 27, 1918 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் முறையாக அமைந்தது. வாடியா தலைவர். திரு.வி.க.வும் கேசவப் பிள்ளையும் துணைத்தலைவர்கள். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் செயலாளர்கள். உறுப்பினர் பட்டியலும் மாதச் சந்தாவும் கணக்குப் புத்தகமுமாக, இன்றைய பொருளில் தொழிற்சங்கம் என்று சொல்லத்தக்க முதல் அமைப்பு இந்தியாவில் இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒப்புகிறார்கள்.

வாடியாவிடம் எனக்குப் பிடித்தது அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட விதம். எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாய், எவ்வளவு தூரம் நடக்கிறாய், எப்போது சாப்பிடுகிறாய், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று அவர் தொழிலாளரின் அன்றாடத்தைத் துருவினார். மேலே சொன்ன அரை மணிக் கதை அப்படித்தான் மேடைக்கு வந்தது. அது சங்கத்தின் கோரிக்கையாகி, கம்பெனியும் இறங்கி வந்தது. சென்னையில் அவர் ஆற்றிய உரைகளைத் தொகுத்து 1921-இல் நூலாகவே வெளியிட்டார்.

அது போர்க்காலம். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1918 செப்டம்பரில் சென்னையில் கடைகளை மக்கள் சூறையாடும் அளவுக்கு நிலைமை முற்றியது. சங்கம் மலிவு விலைத் தானியக் கடை ஒன்றைத் திறந்தது. ஆலை வாசலில் கோரிக்கை வைக்கிற அமைப்பு, வீட்டு அடுப்பைப் பற்றியும் கவலைப்பட்டது. சங்கம் என்றால் வேலைநிறுத்தம் மட்டுமே என்று இன்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி எதை விட்டுக்கொடுத்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. வெளியார் வந்து தன் ஆட்களுக்காகப் பேசக் கூடாது என்பதே அதன் நிலை. தொழிலாளிக்குக் குறை இருந்தால் தொழிலாளியே வந்து சொல்லட்டும் என்றது. சொன்னவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதை யார் உறுதி சொல்வது? அதற்காகத்தானே, வேலை போகும் பயம் இல்லாத ஒரு துணிக்கடைக்காரரும் ஒரு பத்திரிகை ஆசிரியரும் ஒரு பார்சிப் பெரியவரும் தேவைப்பட்டார்கள்.

1918-லேயே கதவடைப்பு வந்தது. 1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலை மறுபடியும் பூட்டப்பட்டது. பூட்டு வாரக்கணக்கில் நீண்டது. டிசம்பர் 9-ஆம் தேதி, வேலைக்கு ஆள் ஏற்றிப் போன வண்டிகளைத் தொழிலாளர் கூட்டம் மறிக்க, போலீஸ் சுட்டது. பாபுராவ், முருகன் என்ற இருவர் இறந்தார்கள். வடசென்னைச் சங்கக்காரர்கள் இந்த இரண்டு பெயரையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

துப்பாக்கியைவிடக் கம்பெனிக்கு அதிகம் பயன்பட்டது நீதிமன்றம். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார்கள் என்று வாடியா மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சங்கம் நடத்துவது குற்றமில்லை என்று சொல்ல அப்போது நாட்டில் ஒரு சட்டமும் இல்லை. இங்கிலாந்தில் தொழிலாளிக்கு இருந்த பாதுகாப்பு, அதே இங்கிலாந்துக்காரர் சென்னையில் நடத்திய ஆலையில் வேலை செய்தவருக்கு இல்லை. கடைசியில், வாடியா சங்கத்தோடு தொடர்பை அறுத்துக்கொண்டால் வழக்கை விட்டுவிடுவதாக ஒரு முடிவு ஏற்பட்டது. அவர் விலகினார். 1921 தொடக்கத்தில் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினார்கள், தலைவரை இழந்து.

இந்த வழக்கைக் கண்டு கொதித்த பம்பாயின் என்.எம். ஜோஷி, அதே 1921-இல் மத்தியச் சட்டசபையில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அந்த வழியில் வந்தது. இன்று இந்தியாவில் எந்த மூலையில் ஒரு சங்கம் பதிவானாலும், அதற்குப் பின்னால் பெரம்பூர்த் தொழிலாளரின் இந்தத் தோல்வி இருக்கிறது.

இனி எழுதப்போவது இந்தக் கதையிலேயே மிகக் கடினமான பகுதி. சங்க வரலாறுகள் பலவும் இதை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பானது. ஜூன் 20-ஆம் தேதி பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளரும் ஆதரவாக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இந்த முறை எல்லோரும் இறங்கவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். எம்.சி. ராஜா போன்ற அவர்களுடைய தலைவர்களும் போகும்படியே சொன்னார்கள்.

முந்தைய போராட்டங்களில் அவர்களும் தோளோடு தோள் நின்றவர்கள்தான். பட்டினியும் கடனும் எல்லோர் வீட்டுக்கும் வந்தன, ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரே அளவில் இல்லை. நிலமோ, கடன் கொடுக்கும் உறவோ, சாமான் தரும் கடையோ இருந்தவர் ஒரு மாதம் தாங்குவார். சேரியில் இருந்தவருக்கு இவை எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. நகரத்தில் பல கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்த காலத்தில், மாதச் சம்பளத்துக்குத் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று அந்த ஆலையின் கதவு. அதைத் தாமே மூடிக்கொள்ளும்படி அவர்களிடம் கேட்டபோது, பதிலுக்குச் சங்கம் அவர்களுக்கு என்ன உறுதி தந்தது?

வேலைநிறுத்தத்தின்போது உள்ளே போகிறவரைக் கருங்காலி என்பது சங்க மொழி. புளியந்தோப்புத் தொழிலாளரைப் பற்றி அந்தச் சொல்லை நான் எழுத மாட்டேன்.

ஜூன் மாதமே அடிதடி தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் சாதி இந்துத் தொழிலாளர், அவர்களோடு முஸ்லிம் தொழிலாளர். மறுபக்கம் ஆதிதிராவிடர். ஆலை வாசலில் தொடங்கியது சந்துக்குள் நுழைந்தது, சந்திலிருந்து குடிசைக்குள் நுழைந்தது. புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. ஓலைக் கூரை எரிய எவ்வளவு நேரம் ஆகும்? சட்டி பானை, பாய், சேலை, பிள்ளைக்கு வைத்த கஞ்சி, எல்லாம் சேர்ந்து சாம்பல். குடும்பங்களை அரசு முகாமில் தங்க வைத்தது. ஆகஸ்ட் 29 அன்று பெரம்பூரில் போலீஸ் மறுபடி சுட்டது, பலர் மாண்டனர். இறந்தவர்களின் இறுதி ஊர்வலங்களும் கலவரத்தில் முடிந்தன. மூன்று ஆண்டுக்கு முன் ஒரே தோட்டத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்ட வட்டாரம் அது.

சென்னை அரசியலும் இதில் பிளந்தது. அப்போது மாகாண ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அதன் தலைவர் தியாகராயச் செட்டியார், வட்டாரத்தில் அமைதி வேண்டுமானால் ஆதிதிராவிடரை நகரத்தை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்னும் அளவுக்குப் போனார். எம்.சி. ராஜாவுக்கும் அந்தக் கட்சிக்கும் இடையே விழுந்த விரிசல் பிறகு மூடவில்லை. இதே தியாகராயர்தான், கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை நாடு கடத்த எண்ணியபோது, அப்படிச் செய்தால் பதவிகளை விட்டு விலகுவோம் என்று குறுக்கே நின்றவரும். ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. வரலாறு எழுதுகிறவன் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளருக்குச் சொல்லத்தக்க பலன் எதுவும் இல்லை. பலருக்கு வேலை போயிற்று. சங்கம் ஒடுங்கி, மீண்டும் எழுந்து நிற்க ஆண்டுகள் ஆயின.

ஒரு வெள்ளைக் கம்பெனி தொழிலாளரைச் சாதியால் பிரித்துப் போராட்டத்தை முறித்தது என்று சொல்வது எளிது. கம்பெனி அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. ஆனால் பிளவைக் கம்பெனி உண்டாக்கவில்லை, அது முன்பே தெருவில் இருந்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கம் தெருவில் பிறந்தது, அதுவே அதன் வலிமை. கடைக்காரரும் பஜனைக் கூட்டமும் பத்திரிகையும் சேர்ந்து நின்றதால்தான் அது இரண்டே மாதத்தில் எழுந்தது. ஆனால் பிறந்த தெருவின் எல்லையைத் தாண்டி அது சேரிக்குள் போய் உட்காரவில்லை. 1918-க்கும் 1921-க்கும் இடையில் மூன்று ஆண்டு இருந்தது. ஆலைக்குள் ஒன்றாக நின்றவர்கள் ஆலைக்கு வெளியே ஒன்றாக வாழ வழி தேடுவதும் சங்க வேலைதான் என்று அப்போது யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மலிவு விலைத் தானியக் கடை வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தோன்றாமல் போனதே என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை.

வாடியா 1922-இல் பிரம்மஞான சபையை விட்டும் விலகினார். பிற்காலத்தில் பெங்களூரில் உலகப் பண்பாட்டு நிறுவனத்தை நிறுவி, 1958-இல் காலமானார். திரு.வி.க. தொழிலாளரை விடவில்லை. முதுமையிலும் வடசென்னைக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். 1944-இல் வெளிவந்த 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் இந்தச் சங்கத்தைப் பற்றி விரிவாக எழுதியும் வைத்தார். பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. காலிக் கட்டடங்களில் பல ஆண்டுகள் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. சண்டைக் காட்சிகளில் தெரியும் அந்த உயரச் சுவர்களுக்கு உள்ளேதான் அந்த அரை மணிச் சோறு தின்னப்பட்டது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். திரு.வி.க. தன் பக்கத்தை எழுதினார். வாடியாவின் உரைகள் அச்சில் இருக்கின்றன. அரசும் கம்பெனியும் தங்கள் பக்கத்தைக் கோப்புகளில் பதிந்து வைத்திருக்கின்றன. 1921-இல் குடிசை எரிந்த புளியந்தோப்புக் குடும்பங்கள் சொன்னதை யாரும் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. உங்கள் பாட்டி சொன்ன கதை, பரணில் கிடக்கும் சங்கச் சந்தா அட்டை, ஆலை அடையாள வில்லை, பழைய புகைப்படம், எதுவானாலும் எழுதுங்கள். ஒட்டடை அடிக்கும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிடைப்பதை இந்தத் தொடரிலேயே வெளியிடுகிறேன்.

(அடுத்த வாரம்: சிங்காரவேலரின் செங்கொடி, 1923 மே 1)